விண்மீனின் வெப்பம் அளந்த மேகநாத் சாகா

திருத்தணிகை மண்ணில் 1888-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனை நாம் நன்கறிவோம். மெய்யியல் பேராசிரியராக 1921-இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். அதே ஆண்டில் அங்கு இயற்பியல் பேராசிரியரானவர் மேகநாத் சாகா. தணிகை மைந்தரின் புகழ் போற்றும் நாம், அவருடன் பணியாற்றிய இவ்வறிஞரின் வரலாற்றையும் அறிதல் நன்று.

டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடை நடத்திய எளியவரின் மகனாக 1893 அக்டோபர் 6-இல் சாகா பிறந்தார். மேற்கொண்டு படிக்க வழியில்லாத சிறுவனுக்கு அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் இடமும் உணவும் அளித்தார். பின்னர் டாக்காப் பள்ளியில் ஆங்கில ஆளுநரின் வருகையைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்து வெளியேற்றப்பட்டார். கல்கத்தா விடுதியிலோ சாதியின் பெயரால் உடனமர்ந்து உண்ணவும் தடை எழுந்தது. இத்தனைக்கும் அவர் கல்வியைக் கைவிடவில்லை.

மூடிய கலத்திலுள்ள வாயுவைச் சூடேற்றினால் அதன் அழுத்தம் உயரும். வெப்பத்தை ஏற்றுப் பொருள் பிரியும் வேதிவினையில், வெப்பநிலை உயர உயரச் சமநிலை பிரிவின் பக்கமே சாயும். அப்பிரிவினால் வாயுத் துகள்களின் எண்ணிக்கை பெருகுமாயின், அழுத்தம் குறைந்தாலும் அவ்வாறே சாயும். அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிவதும் இத்தகைய வினையே எனக் கொண்டார் சாகா.

சூரியனின் நிறமண்டலத்து உயர் அடுக்குகளில் எலக்ட்ரானை இழந்த கால்சியம் மிகுந்து காணப்படுவது அன்று புதிராக இருந்தது. அங்கு அழுத்தம் மிகக் குறைவு. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அயனியோடு சேர்வது அரிது என 1920-இல் அவர் விடை கண்டார். நிறமாலையைக் கொண்டு விண்மீனின் வெப்பநிலையைக் கணிக்க அவரது சமன்பாடு வழி திறந்தது. அதன் துணையுடன் 1925-இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஐதரசனே மிகுதி எனக் கண்டார். வல்ல இறைவனின் படைப்பில் ஆய்வகக் கலத்துக்கும் விண்மீனுக்கும் ஒரே ஒழுங்கு என்பது இதனால் விளங்கும்.

1952-இல் சாகா மக்களவை உறுப்பினரானார். அவ்வாண்டே இராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத்தலைவராகி மாநிலங்களவைத் தலைவராக அமர்ந்தார். சாகா 1956 பிப்ரவரி 16-இல் தில்லியில் மறைந்தார்.

அந்த மருத்துவரின் ஆதரவு கிட்டாதிருந்தால், இவ்வறிவு கடைத்தெருவிலேயே முடங்கியிருக்கும். கட்டணம் செலுத்த இயலாது நம் வாயிலில் நிற்கும் மாணவருள்ளும் ஒரு சாகா இருக்கக்கூடும். அவரை உள்ளே அழைப்பது சமுதாயப் பெரியோர் கடமை. வந்தபின் தளராது பயில்வது மாணவர் கடமை.