அயன்மண்டலத்தை அளந்த அறிஞர்: சேர் எட்வேர்ட் அப்பிள்டன்

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். வானொலி அலையும் ஒளியைப் போன்ற ஒரு மின்காந்த அலையே. பூமியோ உருண்டை வடிவானது. அப்படியானால் ஒரு கண்டத்திலிருந்து அனுப்பப்படும் வானொலி அலை விண்வெளிக்குச் சென்றுவிடாமல் இன்னொரு கண்டத்தை எவ்வாறு அடைகின்றது? இவ்வினாவுக்குப் பரிசோதனை மூலம் விடை கண்டவரே சேர் எட்வேர்ட் விக்டர் அப்பிள்டன் ஆவார்.

இளமையும் கல்வியும்

அப்பிள்டன் 1892 செப்டெம்பர் 6ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள பிரட்போர்ட் நகரில் பிறந்தார். அது கம்பளி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். தந்தை ஒரு பண்டகசாலைத் தொழிலாளி. வசதி குறைந்த அக்குடும்பத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் செல்வதற்கு இருந்த ஒரே வழி புலமைப்பரிசில்தான். அதைத் தம் முயற்சியால் பெற்று, 1911இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் ஜோன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். பௌதிகவியலில் முதல் வகுப்பில் சித்தியடைந்தார்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. ஆய்வுகூடத்தை விட்டுப் படையில் சேர்ந்த அப்பிள்டன், பின்னர் பொறியியற் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்குதான் வானொலிக் கருவிகளோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. சமிக்ஞைகள் ஒரு நேரம் பலமாகவும் ஒரு நேரம் நலிந்தும் கேட்பதற்குக் காரணம் என்ன என்ற வினா அவரை விட்டு நீங்கவில்லை. போரின் பின் கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, இவ்வினாவையே தமது ஆய்வுப் பொருளாக்கினார். 1924இல், 32 வயதிலேயே, இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பௌதிகவியற் பேராசிரியரானார்.

தீர்க்கப்படாத புதிர்

1901 டிசெம்பர் 12ஆம் திகதி மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில், நியூபவுண்ட்லாந்தில், இங்கிலாந்திலிருந்து வந்த சமிக்ஞையைப் பெற்றதாக அறிவித்தார். இடைத்தூரம் 3000 கிலோமீற்றருக்கும் அதிகம். அலை நேர்கோட்டில் சென்றால் இது நடக்க முடியாது. அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும் ஒருவரிலிருந்து ஒருவர் வேறாக ஒரு விளக்கம் தந்தனர். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னைக் கடத்தும் ஒரு படை உண்டு. அதுவே அலைகளைத் திருப்பி அனுப்புகின்றது என்பதே அவ்விளக்கம்.

எனினும் இது வெறும் ஊகமாகவே இருந்தது. எந்தப் பலூனும் எட்டாத உயரத்திலிருக்கும் ஒன்றை எப்படி நிரூபிப்பது? ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வினா தீராமலே இருந்தது.

1924ஆம் ஆண்டுப் பரிசோதனை

அப்பிள்டனும் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு மாணவரான மைல்ஸ் பார்னெட்டும் 1924 டிசெம்பர் 11ஆம் திகதி இதற்கு விடை கண்டனர். போர்ண்மவுத்திலிருந்த பி.பி.சி. ஒலிபரப்பு நிலையம் அலைகளை அனுப்பியது. சுமார் 120 கிலோமீற்றர் தொலைவில் ஒக்ஸ்போர்டில் அவர்கள் அவற்றைப் பெற்றனர்.

பரிசோதனையின் தத்துவத்தைப் படிமுறையாக நோக்குவோம்.

1. ஒக்ஸ்போர்டை இரு அலைகள் அடைகின்றன. ஒன்று நிலத்தை ஒட்டி வரும் நில அலை. மற்றையது மேலே சென்று தெறித்து வரும் வான் அலை.

2. இரு அலைகளின் முகடுகளும் ஒன்றாகச் சேர்ந்தால் சமிக்ஞை பலமடையும். ஒன்றின் முகடும் மற்றதன் தாழியும் சேர்ந்தால் நலிவடையும். இதுவே தலையீடு எனப்படும்.

3. ஒலிபரப்பியின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், சமிக்ஞை பலமடைவதும் நலிவதும் மாறி மாறி நிகழும். அவற்றை எண்ணினால் இரு பாதைகளுக்குமிடையிலான தூர வித்தியாசத்தைக் கணிக்கலாம்.

விளங்குவதற்காக எளிய எண்களைக் கொள்வோம். பாதை வித்தியாசம் 80 கிலோமீற்றர், அதாவது 80,000 மீற்றர் எனக் கொள்க. அலைநீளம் 400 மீற்றராயின் அவ்வித்தியாசத்துள் 200 அலைகள் அடங்கும். அலைநீளத்தை 390 மீற்றராகக் குறைத்தால் சுமார் 205 அலைகள் அடங்கும். எனவே அம்மாற்றத்தின்போது சமிக்ஞை ஏறத்தாழ 5 தடவைகள் ஏறி இறங்கும். மறுவழியாக, 5 தடவைகள் என எண்ணியவர் பாதை வித்தியாசம் 80 கிலோமீற்றர் எனக் கண்டுகொள்வார்.

இப்போது பைதகரசு தேற்றத்தைப் பயன்படுத்துக. நில அலையின் பாதை 120 கிலோமீற்றர். ஆகவே வான் அலையின் பாதை 200 கிலோமீற்றர். அதன் பாதி 100. அடி நீளத்தின் பாதி 60. எனவே உயரம் 80 கிலோமீற்றர். கணித பாடத்தில் நீங்கள் அறிந்த 3, 4, 5 முக்கோணியே வானத்திலும் பயன்படுவதைக் கவனியுங்கள்.

அப்பிள்டனுக்கும் பார்னெட்டுக்கும் உண்மையில் கிடைத்த உயரம் ஏறத்தாழ 90 முதல் 100 கிலோமீற்றர் ஆகும். ஊகம் உண்மையாயிற்று. ஒரு பொருளைத் தொடாமலே, வானொலி அலையை அனுப்பி அதன் தூரத்தை அளந்த முதலாவது சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாகும். 1925இல் அமெரிக்காவில் பிரெய்ட், டூவ் ஆகியோர் குறுகிய துடிப்புகளை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் வேறொரு முறையால் இதனை உறுதிப்படுத்தினர். துடிப்பும் எதிரொலியும் என்ற இந்த வழியே பின்னர் ராடருக்கும் அடிப்படையாயிற்று.

படைகளும் அவற்றின் இயல்பும்

அப்பிள்டன் இதனோடு நின்றுவிடவில்லை. முதலாவது படைக்கு மேலே, 200 கிலோமீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இன்னொரு படை இருப்பதைக் கண்டார். அது அப்பிள்டன் படை எனப் பெயர் பெற்றது. முதலாவது படைக்கு ஈ எனவும் மேற்படைக்கு எவ் எனவும் எழுத்துப் பெயர்களை இட்டவரும் அவரே. கீழே டீ படை உண்டு. இவை அனைத்தும் சேர்ந்ததே அயன்மண்டலம்.

சூரியனின் கழியூதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளியின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் இலத்திரன்களைப் பிரிப்பதால் அயன்மண்டலம் உண்டாகின்றது. பகலில் டீ படை மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் அப்படை மறைந்துவிடுவதால் அவ்வலைகள் மேலே சென்று தெறித்துத் தொலைவை அடைகின்றன. பகலில் கேட்காத தூர நிலையம் இரவில் கேட்பது இதனாலேயே. ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பை இந்தியாவெங்கும் மக்கள் கேட்டு மகிழ்ந்ததும் அயன்மண்டலத்தின் உதவியாலேயே ஆகும்.

சூரியனின் சீற்றம்

1927ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது அப்பிள்டன் அயன்மண்டலத்தை ஆராய்ந்தார். 1932, 1933ஆம் ஆண்டுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள ட்ரொம்சோவில் குளிரையும் இருளையும் பொருட்படுத்தாது ஆய்வு செய்தார். காந்தப் புயல் வீசும் வேளைகளில் அங்கு அலைகள் திரும்பி வராமலே போவதைக் கண்டார். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைவதற்கேற்ப அயன்மண்டலமும் மாறுவது தெளிவாயிற்று.

இன்று இதனை விண்வெளி வானிலை என்கிறோம். சூரியனில் பெருஞ்சுவாலை தோன்றினால், எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் பூமியை அடைந்து டீ படையைச் செறிவாக்கும். அப்போது பூமியின் பகற்பக்கத்தில் சிற்றலைத் தொடர்பு அற்றுப்போகும். கரை காணாத கடலில் உள்ள கப்பலுக்கும் சமுத்திரத்தின் மேலே பறக்கும் விமானத்துக்கும் இது உயிர் சம்பந்தமான விடயமாகும்.

செய்மதி வழிகாட்டலையும் இது பாதிக்கின்றது. ஜி.பி.எஸ். கருவி, சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டே தூரத்தைக் கணிக்கின்றது. அயன்மண்டலத்தின் இலத்திரன்கள் அச்சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. ஒரு செக்கனின் பத்துக் கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலும் 3 மீற்றர் பிழை ஏற்படும். 2003 ஒக்டோபரில் நிகழ்ந்த சூரியப் புயலின்போது, அமெரிக்காவில் விமானங்களின் தரையிறக்கத்துக்கு உதவும் செய்மதி வழிகாட்டற் சேவை பல மணி நேரம் பயன்படுத்த முடியாதவாறு போயிற்று.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இலங்கை பூமியின் காந்த மத்தியகோட்டுக்கு அருகில் உள்ளது. இப்பகுதியில் இலத்திரன்கள் மேலெழுந்து, காந்தப்புலக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் இறங்கி, இருபுறமும் சுமார் 15 பாகை தூரத்தில் செறிகின்றன. 1946இல் அப்பிள்டன் எடுத்துக்காட்டிய இத்தோற்றப்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

பொதுப்பணியும் இறுதிக்காலமும்

1939 முதல் 1949 வரை பிரித்தானிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களத்தின் செயலாளராக அவர் கடமையாற்றினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாட்டின் ஆராய்ச்சிப் பணிகளை வழிநடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. 1941இல் சேர் பட்டம் பெற்றார். 1947இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1949இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பதவியில் இருக்கும்போதே 1965 ஏப்ரில் 21ஆம் திகதி காலமானார்.

மாணவர்களே, அப்பிள்டனிடம் விண்கலமோ செய்மதியோ இருக்கவில்லை. ஒலிபரப்பி ஒன்றும் வாங்கி ஒன்றும், நீங்களும் கற்கின்ற கேத்திரகணிதமுமே அவருக்குக் கருவிகளாக இருந்தன. கண்ணுக்குப் புலப்படாததையும் பொறுமையோடு எண்ணி அளக்கலாம் என்பதே அவரது வாழ்க்கை நமக்குத் தரும் பாடமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நில அலை, வான் அலை என்பவற்றை வேறுபடுத்துக.
2. அயன்மண்டலம் உருவாகும் முறையைச் சுருக்கமாக விளக்குக.
3. தொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்கள் இரவில் நன்கு கேட்பதற்குக் காரணம் தருக.
4. இரு இடங்களுக்கிடையிலான தூரம் 160 கிலோமீற்றர். வான் அலையின் பாதை 200 கிலோமீற்றர். தெறிக்கும் படையின் உயரத்தைக் காண்க.
5. சூரியனில் நிகழும் மாற்றங்கள் விமானப் போக்குவரத்தைப் பாதிக்கும் இரு வழிகளைக் குறிப்பிடுக.