பறவைகளுக்காக மதில் எழுப்பியவர்

மழைக்காலம் முடிந்ததும் மரக்காணத்து உப்பளங்களில் பூநாரைகள் வந்து இறங்குவதை நாம் காண்கிறோம். பறவைகளுக்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணம் நம் பக்கத்தில் புதிதன்று. நமக்கு வடக்கேயுள்ள வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அப்பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில், இயேசு சபைக் குருக்கள் நடத்திய ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில் பதினாறு வயது மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். அவரே சார்லஸ் வாட்டர்டன்.

அவர் 1782-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் யார்க்‌ஷயரில் வால்டன் ஹால் என்னும் மாளிகையில் பிறந்தார். பழைய கத்தோலிக்கக் குடும்பம். அக்காலத்தில் அந்நாட்டில் கத்தோலிக்கர் அரசுப் பதவி வகிக்க இயலாது. பள்ளியில் அவருக்குப் பாடத்தைவிட மரமேறிக் கூடு பார்ப்பதிலேயே நாட்டம் அதிகம். இதைக் கண்ட குருக்கள் எலி பிடிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட்டனர்! (நம் பள்ளியில் இப்படி ஒரு பதவி இல்லையே என்று சிலர் ஏங்கக்கூடும்.) மதுவைத் தொடுவதில்லை என்று ஒரு குருவானவர் அவரிடம் வாக்குறுதி பெற்றதும் அங்கேதான்.

1804-இல் குடும்பத்தின் தோட்டங்களைக் கவனிக்கத் தென் அமெரிக்காவின் கயானாவுக்குச் சென்றார். அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்கள் அவை, அதை மறைப்பதற்கில்லை. பின்னர் நான்கு முறை காடுகளில் பயணம் செய்தார். ஒருமுறை முதலையின் முதுகில் ஏறி அமர்ந்தாராம். ஜான் எட்மன்ஸ்டன் என்னும் அடிமைக்குப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்பித்தார். விடுதலை பெற்ற எட்மன்ஸ்டன், பிற்காலத்தில் எடின்பரோவில் அக்கலையைக் கற்பித்த மாணவர் சார்லஸ் டார்வின்!

ஊர் திரும்பிய வாட்டர்டன் தொடங்கிய வேலைதான் வியப்புக்குரியது. அந்நாளில் காட்டுப் பறவைகளைக் காக்க இங்கிலாந்தில் சட்டம் இல்லை. கடற்பறவைகளுக்கான முதற்சட்டமே 1869-இல்தான் வந்தது. நிலப்பிரபுக்களின் காவலாட்கள் ஆந்தை, பருந்து முதலியவற்றைக் கண்ட இடத்தில் கொன்றனர். வாட்டர்டனோ தம் தோட்டத்தில் துப்பாக்கி ஒலிக்கக்கூடாது என்றார். 1821 முதல் 1826 வரை அதைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு ஆளுயரத்துக்கும் மேலான மதிலை எழுப்பினார். செலவு சுமார் 9,000 பவுன். குடிக்காமல் மிச்சப்படுத்திய மதுவின் பணமே அது என்று சொல்லிக்கொள்வாராம். இடிந்த வாயிற்கட்டடத்தில் கூகைகளுக்கு வீடு அமைத்தார். தகைவிலான் குருவிகளுக்கெனத் துளைகள் வைத்துச் சுவர் கட்டினார். நாரைகள் அச்சமின்றிக் கூடு கட்டின. எலிக்கு மட்டும் அங்கே மன்னிப்பில்லை. பள்ளிப் பழக்கம் போலும்! பொதுமக்களும் உள்ளே வரலாம். மனநோய் விடுதியில் இருந்தவர்களும் வந்து தொலைநோக்கியில் பறவைகளைப் பார்த்தனர்.

1830-இல் மகன் எட்மண்டைப் பெற்ற சில நாட்களில் இளம் மனைவி இறந்தார். அதன்பின் வாட்டர்டன் வெறுந்தரையில், மரக்கட்டையைத் தலையணையாக வைத்தே உறங்கினார்.

மதிலால் எல்லாவற்றையும் தடுக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சோப்பு ஆலையின் புகையும் கழிவும் மரங்களையும் நீரையும் கெடுத்தன. அவர் பல ஆண்டுகள் வழக்காடினார்; இறுதியில் ஆலை இடம் மாறியது.

1865 மே 25 அன்று தோட்டத்தில் மரக்கட்டை சுமந்து நடந்தவர் இடறி விழுந்தார். இரண்டு நாளில் உயிர் நீத்தார். உடலைப் படகில் ஏற்றி ஏரி வழியே கொண்டுசென்று கரையில் அடக்கம் செய்தனர்.

மகனுக்குப் பறவைகளில் நாட்டமில்லை, கடனும் சேர்ந்தது. அவர் விற்றது யாருக்குத் தெரியுமா? அந்தச் சோப்பு ஆலைக் குடும்பத்துக்கே! இதைப் படித்தபோது எனக்கு வேடந்தாங்கல் நினைவு வந்தது. அங்கே பறவைகள் ஒருவர் சொத்தாக இல்லை. ஊரே காவல் நின்றது.

வால்டன் ஹால் பின்னாளில் ஓட்டல் ஆயிற்று. மதிலின் சில பகுதிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.