மேரி கிளப்வாலா அம்மையார்

துன்பம் எல்லார்க்கும் பொது. அதனால் உள்ளம் சுருங்குவாரும் உளர். அதனாலேயே உள்ளம் விரிவாரும் உளர். தமக்கு நேர்ந்த துயரினைக் கொண்டு பிறர் துயரினை உணர்ந்து, அதனைத் துடைப்பதே தம் வாழ்நாட்பணி எனக் கொண்டவர் மேரி கிளப்வாலா அம்மையார்.

இவர் 1909ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் பிறந்தார். தந்தையார் ரஸ்தம் பட்டேல், தாயார் அல்லமாய். இவர்கள் பார்சி மரபினர். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பாரசீகத்தினின்றும் போந்து இந்தியாவின் மேலைக் கடற்கரையில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே பார்சி மக்கள். அவருள் சிலர் பின்னாளில் சென்னையிலும் வந்து வாழ்ந்தனர். தொகையிற் சிறிதாயினும் அறச்செயலிற் பெரிது அச்சமூகம்.

மேரி சென்னையில் கல்வி பயின்றார். 18ஆம் வயதில் நோகி கிளப்வாலா என்பாரை மணந்தார். 1930இல் இவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஆனால் அவ்வின்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1935இல் கணவர் நோய்வாய்ப்பட்டு மறைந்தார். அம்மையாருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை. மகனோ சிறு குழந்தை.

கணவனை இழந்த பெண்டிர் பலர் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. அம்மையார் அவ்வாறு ஒடுங்கினாரல்லர். 'கில்டு ஆப் சர்வீஸ்' என்னும் தொண்டர் கழகம் 1923ஆம் ஆண்டு முதல் சென்னையில் அறப்பணி ஆற்றிவந்தது. அதன் பணிகளில் இவர் ஈடுபட்டார். தொண்டு செய்வாரைப் பயிற்றும் கல்லூரி எதுவும் தென்னாட்டில் அந்நாளில் இல்லை. ஆகவே, புதிதாய்ப் புகுந்தோர் செய்து செய்தே கற்றல் வேண்டும். அனாதைக் குழந்தைக்கு உணவளித்தல் எளிது. அக்குழந்தை நாளைத் தன் காலில் நிற்குமாறு செய்தல் அரிது. இரக்கம் மட்டும் போதாது. திட்டமும் விடாமுயற்சியும் வேண்டும். துயரை மறக்கப் புகுந்த இடமே அம்மையாருக்கு வாழ்வின் குறிக்கோளைக் காட்டிய இடமாயிற்று.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. சென்னையிலும் குண்டு விழுமோ என்று அஞ்சி மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு நீங்கினர். படைவீரர்களோ சென்னைப் பகுதிக்குத் திரள் திரளாய் வந்துகொண்டிருந்தனர். நகருக்கு மேற்கேயுள்ள ஆவடியில் பெரும் படைத்தளம் ஒன்று அமைந்தது. தாய்நாட்டு வீரர்களின் நலத்தைக் கருதுவார் இல்லாமை அம்மையாரின் நெஞ்சை வருத்திற்று. அவர் இந்திய விருந்தோம்பற் குழு ஒன்றை அமைத்தார். பல சமயத்தையும் பல மொழியையும் சார்ந்த பெண்மணிகள் அதில் ஒன்றுகூடினர். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் வீரர்களைத் தேடிச் சென்றன. மருத்துவமனையிற் கிடந்த வீரர்களைத் தொண்டர்கள் கண்டு, ஆறுதல் கூறி, அவர்கள் பொழுது இனிது கழியுமாறு உதவினர்.

போர் முடிந்தது. பர்மாவில் வென்று மீண்ட 14ஆம் படையினர் தம் நன்றியின் அடையாளமாக ஜப்பானிய வாள் ஒன்றை அம்மையாருக்கு அளித்தனர். வாளேந்தாத கைக்கு வாள் பரிசாயிற்று! போர் ஓய்ந்த பின்னரும் அவர் பணி ஓயவில்லை. முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்கும் அவர் குழு துணை நின்றது.

தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதனைப் பின்வருவோர் முறையாகக் கற்றல் வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். பம்பாயில் 1936ஆம் ஆண்டிலேயே சமூகப் பணிக்கெனப் பள்ளி ஒன்று தோன்றியிருந்தது. தென்னாட்டில் அக்குறையை நீக்க, 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை அம்மையார் நிறுவினார். சமூகப்பணி மாணவர்க்கு நூலறிவு ஒரு பாதி. களப்பணி மறு பாதி. குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, குடிசைப்பகுதி ஆகியவற்றிற்கு மாணவர் நேரிற் செல்வர். அனுபவம் மிக்க பணியாளரின் கீழ் நின்று பழகுவர். முதல் நாளில், என்ன பேசுவது என்றறியாது வாயிலில் தயங்கி நிற்கும் இளைஞரும் உண்டு. நாளடைவில் அத்தயக்கம் நீங்கும். தம் வாழ்வு எத்திசையிற் செல்லவேண்டும் என்னும் தெளிவும் பிறக்கும்.

இக்கல்வியின் பயன் ஆதரவற்றோர் இல்லங்களோடு நின்றுவிடவில்லை. 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1960க்குப் பின்னர் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் பெருகின. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த ஊர்களில் ஆலைச் சங்கின் ஒலி கேட்கலாயிற்று. தொழிலாளர் நலம் பேணப் பயிற்சி பெற்றோரின் தேவையும் அதனால் மிகுந்தது.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென 'பாலவிகார்' என்னும் இல்லமும் அம்மையாரின் முயற்சியால் எழுந்தது. பின்னாளில் அவர் படை அலுவலரான சந்திரகாந்த் ஜாதவ் என்பாரை மணந்தார். 1956இல் சென்னை நகரின் ஷெரீப் பதவியை ஏற்றார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் முறையே 1955, 1968, 1975ஆம் ஆண்டுகளில் அவரை அடைந்தன. 1975ஆம் ஆண்டிலேயே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வாழ்வின் குறிக்கோள் வீட்டில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்க்கு எளிதிற் புலப்படுவதன்று. பிறர்க்குப் பயன்படும் ஒரு செயலில் இறங்கிய பின்னரே பலர்க்கு அது தெளிவாகின்றது. தொடங்கும்போது சிறியதாகத் தோன்றும் பணியே ஒருவரைப் பெரியவராக்கும் என்பதற்கு மேரி கிளப்வாலா அம்மையாரின் வாழ்வு சான்றாகும்.