தலை குனிந்து படம் பிடித்த லீ மில்லர்

கடந்த ஆண்டு என் தாய்மாமா தமது பழைய யாஷிகா மேட் 124ஜி கேமராவை எனக்குக் கொடுத்தார். ஒரு காலத்தில் ஈப்போவில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடித்து வந்தவர் அவர். பார்ப்பதற்குச் சின்னப் பெட்டி போல இருக்கும். முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். மேலே உள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழே உள்ளது படச்சுருளில் பதிவதற்கு. இதைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். அங்கே இடமும் வலமும் மாறித் தெரியும். ஒரு சுருளில் 12 படங்கள் மட்டுமே. என் முதல் சுருளில் உருப்படியாக வந்தவை இரண்டு. அதில் ஒன்று என் காலணி.

வெறுத்துப்போய் அதை அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் விடுதி அறையில் தோழிகளோடு கேட் வின்ஸ்லெட் நடித்த ‘லீ’ படத்தைப் பார்த்தேன். போர்க்களத்தில் அவர் கழுத்தில் தொங்கியது அதே இரட்டை லென்சுப் பெட்டி! அன்றிரவே லீ மில்லரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். திரைப்படம் பெரும்பாலும் போர்க்காலக் கதையைத்தான் சொல்கிறது. எனக்கோ அதற்கு முந்திய பகுதிதான் முக்கியமாகப் பட்டது.

லீ 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பொக்கிப்சி நகரில் பிறந்தார். ஏழு வயதிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர். தந்தைக்குப் புகைப்படப் பைத்தியம். மகளைத்தான் ஓயாமல் படம் எடுத்தார். நியூயார்க் சாலை ஒன்றில் காரில் அடிபட இருந்த லீயை ‘வோக்’ இதழின் உரிமையாளர் கான்டே நாஸ்ட் இழுத்துக் காப்பாற்றினார் என்றும், அப்படித்தான் அவர் மாடல் ஆனார் என்றும் சொல்வார்கள். 1927இல் ‘வோக்’ அட்டையில் அவர் முகம் வந்தது. மறு ஆண்டு, வேறெதற்கோ எடுத்த அவருடைய படத்தை அவரைக் கேட்காமலேயே சானிட்டரி நேப்கின் விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய அவமானமாகப் பேசப்பட்டது. மாடல் வாழ்க்கை சரிந்தது.

இதைப் படித்தபோது கைப்பேசியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் படம் நம்மைக் கேட்காமல் எங்கெங்கோ போவது நம் காலத்துப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன்.

1929இல் லீ பாரிஸுக்குப் போனார். இனிப் படத்தில் நிற்பதைவிடப் படம் எடுப்பதே தம் வேலை என்று முடிவு செய்திருந்தார். அங்கே மேன் ரே என்ற புகழ்பெற்ற கலைஞரிடம் மாணவியாகவும் உதவியாளராகவும் சேர்ந்தார், காதலியும் ஆனார். மூன்று ஆண்டுகளில் நியூயார்க் திரும்பிச் சொந்த ஸ்டூடியோ திறந்தார். 1934இல் எகிப்தியர் ஒருவரை மணந்து கெய்ரோ சென்றார். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் சலிப்பு. 1937இல் ஆங்கிலேய ஓவியர் ரோலண்ட் பென்ரோஸைச் சந்தித்தார். 1939இல் அவர் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது உலகப் போரும் வந்து சேர்ந்தது.

ஊர் திரும்பும்படி அமெரிக்கர்களுக்குச் சொல்லப்பட்டும் அவர் போகவில்லை. பிரிட்டிஷ் ‘வோக்’ இதழுக்காக, குண்டு விழுந்த லண்டன் தெருக்களைப் படம் எடுத்தார். 1942இல் அமெரிக்க ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளரானார். கையில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. இங்கே ஒரு விநோதம். ரோலிஃப்ளெக்ஸ் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் தயாரானது. லீ பாரிஸுக்குப் போன அதே 1929இல்தான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மன் ராணுவம் செய்த கொடுமைகளை அவர் ஜெர்மன் கேமராவால்தான் பதிவு செய்தார்.

இந்த வகைக் கேமராவை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். தூரத்தில் இருப்பதை ‘ஜூம்’ செய்து இழுக்க முடியாது. லென்சு நிலையானது. ஒருவரின் முகம் வேண்டுமென்றால் நம் கால்தான் நடந்து அவரிடம் போக வேண்டும். 12 படம் முடிந்ததும் நின்று சுருள் மாற்ற வேண்டும். பசார் மாலாமில் அப்பம் சுடும் அக்காவைப் படம் எடுக்கப் போகும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. லீ இதோடு போர்முனைக்குப் போனார்.

1944 ஆகஸ்டில் பிரான்ஸின் சாங் மாலோ நகருக்கு அவரை அனுப்பினார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் குண்டு விழுந்துகொண்டிருந்தது. போர்முனைக்குப் பெண் செய்தியாளர்கள் போகக்கூடாது என்பது விதி. லீ அங்கேயே தங்கிப் படம் எடுத்தார். அதற்காக ராணுவம் அவரைச் சில நாள் வீட்டுக்காவலில் வைத்தது.

1945 ஏப்ரலில் புகென்வால்ட், டாகாவ் வதைமுகாம்களுக்குள் நுழைந்தார். அடுக்கி வைக்கப்பட்ட உடல்கள், எலும்பும் தோலுமாய் உயிர் பிழைத்தவர்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய இடத்தில் அவர் அருகே போனார், குனிந்தார், எடுத்தார். டாகாவ் கால்வாயில் மிதந்த காவலன் ஒருவனின் சடலத்தை எடுத்த படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். தண்ணீரும் வெளிச்சமும் அதில் அத்தனை அமைதியாக இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. யாரும் நம்பமாட்டார்களோ என்று அஞ்சி, இவை உண்மை என நம்பும்படி ஆசிரியருக்குத் தந்தி அனுப்பினார். அமெரிக்க ‘வோக்’ ஜூன் மாதம் படங்களை வெளியிட்டது.

டாகாவிலிருந்து திரும்பிய ஏப்ரல் 30 அன்று, மியூனிக்கில் ஹிட்லரின் வீட்டுக் குளியல் தொட்டியில் லீ குளித்தார். சக செய்தியாளர் டேவிட் ஷெர்மன் அதைப் படம் எடுத்தார். தொட்டிக்கு வெளியே, விரிப்பின் மேல் முகாம் சேறு படிந்த அவருடைய பூட்ஸ். அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் இறந்தார். இந்தப் படத்தைச் சிலர் விளையாட்டுத்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சேற்றை அவர் வேண்டுமென்றேதான் அங்கே மிதித்து வைத்தார் என்றே நினைக்கிறேன்.

போருக்குப் பிறகு பென்ரோஸை மணந்தார். 1947இல் மகன் ஆன்டனி பிறந்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டில் குடியேறினார்கள். மனச்சோர்வும் குடியும் அவரை வாட்டின. மெல்லக் கேமராவைக் கைவிட்டு, சமையலில் இறங்கி அதிலும் பெயர் வாங்கினார். பழைய படங்களைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மகனுக்குத் தெரிந்ததெல்லாம் குடித்துவிட்டுச் சண்டை போடும் அம்மாதான்.

1977இல் லீ புற்றுநோயால் இறந்தார். அதன் பிறகு ஆன்டனியின் மனைவி அந்த வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டிகளைக் கண்டெடுத்தார். உள்ளே சாங் மாலோ, டாகாவ், கெய்ரோ, பாரிஸ். நெகட்டிவும் படங்களுமாகச் சுமார் 60,000. தன் தாய் யார் என்று ஆன்டனி அப்போதுதான் அறிந்தார். 1985இல் அவரே தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

இந்தக் கதையைப் போன வாரம் தொலைபேசியில் மாமாவிடம் சொன்னேன். அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் எங்கே என்று கேட்டேன். அலமாரிக்கு மேலே இரண்டு பிஸ்கட் டின்னில் கிடப்பதாகவும், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். பருவ விடுமுறைக்கு ஈப்போ போகிறேன். யாஷிகாவில் இன்னும் ஐந்து படம் பாக்கி இருக்கிறது.