ஒளிக்காகப் புறப்பட்டவர்

சேலம் மாவட்டத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலை தேடி வந்தவர்களின் வழிவந்தவன் நான். எங்கள் முன்னோர் விட்டுவந்த மண்ணை, அவர்கள் புறப்படுமுன்பே படம்பிடித்து வைத்தவர் லின்னேயஸ் டிரைப். நண்பர்கள் அவரை அறிதல் நலம்.

1822-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1839-இல் சென்னைப் படையில் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரானார். 1857 டிசம்பரில், மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவத்தில், பெங்களூரிலிருந்து கிளம்பினார். எங்கள் ஊருக்குத் தெற்கேயுள்ள இராயக்கோட்டை மலை, திருச்சி, மதுரை, தஞ்சை எனப் படமெடுத்துக்கொண்டே சென்று, 1858 ஏப்ரலில், கோடை முற்றுமுன் சென்னையை அடைந்தார்.

ஈரக் கண்ணாடித் தகட்டை, அது காய்வதற்குள் கழுவியாக வேண்டும். வெயில் நாட்டில் இது பெருந்தொல்லை. ஆகவே மெழுகூட்டிய தாள்களை முன்னதாகவே பதப்படுத்தி எடுத்துச் சென்றார். அதிலும் ஒரு குறை உண்டு. வேதியியல் மாணவர் அறிவர்: வெள்ளி அயோடைடு நீல ஒளியையே மிகுதியாக ஏற்கும். மரமும் பாறையும் பதிவதற்குள் வானம் வெறுமையாகிவிடும். அந்த வெறுமையில் அவரே தூரிகையால் மேகம் தீட்டினார். ஆதலால் அப்படங்களில் மலையை நம்பலாம். மேகத்தைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணிக்கலாகாது!

1859-இல் ஆளுநர் டிரெவெலியன், இது வீண் செலவென்று கருதிப் பணியை நிறுத்தினார். டிரைப் 1902-இல் மறைந்தார். செலவுக் கணக்கு மறைந்தது. மலை படத்தில் நிற்கிறது.

எங்கள் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. மழை ஓய்ந்த ஒரு காலையில், சாய்ந்த வெயிலில், தங்கவயலின் சயனைடு மேடுகளை யாரேனும் எடுத்து வைக்க வேண்டாமா?