குன்று கட்டிப் பறந்தவர்

தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபேரர் பார்க் அந்தக் காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது அங்குதான். 1911 மார்ச் 16ஆம் தேதி ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியர் அதை ஓட்டினார். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, இயந்திரம் இல்லாமல் பறந்து உயிரை விட்டவர் ஓட்டோ லிலியென்தால்.

1848ல் ஜெர்மனியின் அன்க்ளாம் என்ற சிற்றூரில் பிறந்தார். அங்குள்ள புல்வெளிகளில் நாரைகள் இறக்கையை அசைக்காமல் மிதப்பதை அவரும் தம்பி குஸ்தாவும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். நம் புலவர் தூது அனுப்பிய அதே செங்கால் நாரைதான். சிறுவர்கள் இருவரும் இறக்கை செய்து, வகுப்பு நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று பயந்து, இரவில் ஓடிப் பார்த்தார்கள்.

பின்னர் பொறியாளராகி, பெர்லினில் நீராவிக் கொதிகலன் தொழிற்சாலை நடத்தினார். தட்டையான இறக்கையைவிடச் சற்றே வளைந்த இறக்கைக்குத் தூக்கும் விசை அதிகம் என்று அளந்து, 1889ல் புத்தகமாக வெளியிட்டார். 1891ல் அவரே பறக்கத் தொடங்கினார்.

காற்றை எதிர்த்து ஓடினால்தான் கிளைடர் எழும். காற்றோ நினைத்த பக்கம் வீசும். அதனால் 1894ல் பெர்லின் அருகே கூம்பு வடிவில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்குன்றையே கட்டிக்கொண்டார். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதை எதிர்கொண்டு இறங்கலாம்! ரினோவ் குன்றுகளில் 250 மீட்டர் தூரம்வரை பறந்திருக்கிறார்.

மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கி எழுகிறது. கிளைடர்கள் இன்றும் அதை நம்பித்தான் சரிவை ஒட்டிப் பறக்கின்றன. உயரத்தை இழந்தால் அவற்றுக்குக் கைகொடுக்க இயந்திரம் இல்லை. ஆகவே பாதைகள் குறுக்கிட்டால் இயந்திர விமானம்தான் கிளைடருக்கு வழிவிட வேண்டும் என்பது அனைத்துலக விதி. சரிவில் இரண்டு கிளைடர்கள் எதிரெதிரே வந்தால்? மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ, அவருக்கே வழி. அவர் வலப்பக்கம் திரும்பினால் மலையில் மோதுவார். மற்றவருக்கு வலப்பக்கம் வெட்டவெளி, அவர் ஒதுங்கலாம்.

லிலியென்தாலின் கிளைடரில் சுக்கான் பிடித்துத் திருப்பும் வசதி இல்லை. தொங்கியபடி உடலை ஆட்டித்தான் திருப்புவார். 1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஸ்டோல்ன் அருகே, திடீர்க் காற்றில் கிளைடரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வேகம் குறைந்தது. கால்களை முன்னே வீசிப் பார்த்தும் பலனில்லை. ஏறக்குறைய 15 மீட்டர், அதாவது நம் வீவக புளோக்கின் ஐந்தாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார். வயது 48.

இயந்திரம் பொருத்தவும் அவர் முயன்றதுண்டு. ஆனால் பறவையைப் போல இறக்கை நுனிகளை அடிக்க வைக்கவே அதைப் பயன்படுத்த நினைத்தார். நாரையை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரது மரணச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. அவர்களும் மணல்மேட்டில் கிளைடரோடுதான் தொடங்கினார்கள். அவருடைய கணக்குகள் தங்கள் கிளைடருக்கு ஒத்துவராததைக் கண்டு, 1901ல் காற்றுச் சுரங்கம் அமைத்துத் தாங்களே அளந்தார்கள். 1903ல் இயந்திரத்தோடு பறந்தார்கள்.

லிலியென்தால் கட்டிய குன்று பெர்லினில் இன்னும் இருக்கிறது.