முத்துலட்சுமி அம்மையாரும் நோயின் பெயரும்

பிறர் வரலாற்றை எழுதப் புகுவோர் தம் கதையை அதனுள் நுழைத்தல் மரபன்று. எனினும் இன்று அம்மரபைச் சிறிது கடக்க வேண்டியவனாயிருக்கின்றேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி வகுப்பறையில் பல ஆண்டுகள் பேசி வந்தவன் நான். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய சீர்திருத்தச் செல்வி என்ற அளவிலேயே அவரை மாணவருக்கு அறிமுகஞ் செய்து வந்தேன். அவர் வாழ்வின் மற்றொரு பாதி எனக்கு விளங்கியது, என் இரைப்பையிற் புற்றுநோய் இருப்பதாக வைத்தியர் சொன்ன பின்னரேயாம்.

ஏறக்குறைய எட்டு மாதங்களாக எனக்கு உணவில் விருப்பம் குறைந்து வந்தது. நாலு கவளம் உண்டதும் வயிறு நிறைந்தாற்போலிருக்கும், நெஞ்செரிவும் உண்டு. நான் அதற்கு வாயு என்று பெயரிட்டேன். இஞ்சிச் சாறும், ஓம நீரும், வெள்ளவத்தைக் காலி வீதி மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளும் கொண்டு அந்தப் பெயருக்கே மருந்து செய்து வந்தேன். உடல் மெலிந்தபோது வயது போகின்றதென்று அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். நோய் இன்னதென ஆராய்ந்து தெளிந்த பின்னரே மருந்து செய்யவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மாணவருக்கு நயம்பட விளக்கிவிட்டு, வீடு வந்து இஞ்சிச் சாறு குடித்த பண்டிதன் நான்.

முடிவில் வைத்தியர் வாய்வழியே குழாய் செலுத்தி உள்ளே பார்த்தார், சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தார், ஸ்கான் எடுப்பித்தார். பின்னர் வழி கூறினார். இரண்டு வாரத்துக்கொரு முறையாக முதலில் நான்கு தடவை கீமோ மருந்து ஏற்றுதல். அதன்பின் சத்திரசிகிச்சையால் இரைப்பையை அகற்றுதல். உடல் தேறியபின் மீண்டும் நான்கு தடவை மருந்து. கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் அக்கா, கத்தி பட்டால் இந்நோய் உடலெங்கும் பரவிவிடும் என்று அஞ்சி, ஒன்றும் செய்யவிடாதே என அழுதார். என் மனைவியோ மருந்துக்கெனக் காலம் போக்காமல் உடனே அறுத்தெடுத்துவிட வேண்டும் என்றார். நான் எதற்கும் விடை கூறாது ஒரு வாரம் வாளா இருந்தேன். அந்த வாரத்திலேதான் அம்மையாரின் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் அதிபர். தாய் சந்திரம்மாள், இசையும் கூத்தும் வளர்த்த தேவதாசி மரபில் வந்தவர். அக்காலத்துச் சமூகம் அத்தகைய குடும்பத்துப் பெண்ணுக்கு வகுத்திருந்த வழி வேறு. ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, தொண்டைமான் மன்னர் அனுமதி அளித்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912 இல் உயர்ந்த தகைமையுடனும் பதக்கங்களுடனும் வைத்தியராக வெளிவந்தார். பெண்ணின் கைக்கு ஒவ்வாதென்று பலர் எண்ணியிருந்த சத்திரசிகிச்சைப் பாடத்திலும் அவர் சிறந்து விளங்கினார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவும், தம் பணிக்குக் குறுக்கே நில்லாதிருக்கவும் அவர் இசைந்த பின்னரே அம்மணம் நிகழ்ந்தது.

இவ்வளவு கற்ற ஒருவர் தம் இல்லத்திலேயே தோற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவர் தங்கைக்கு வயிற்றுக் கோளாறு ஏற்பட்டது. அதனைச் சீதபேதி என்று கருதியே முதலிற் சிகிச்சை நடந்தது. உண்மையில் அது மலக்குடலிற் தோன்றிய புற்றுநோய். மெய்ப்பெயர் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923 இல், இளம் வயதிலேயே, அத்தங்கை மறைந்தார். வைத்தியரான அக்கா பக்கத்திலிருந்தும் ஒன்றும் செய்ய இயலாது பார்த்திருந்தார்.

இவ்விடத்தைப் படித்தபோது ஏட்டை மூடி வைத்துவிட்டேன். சீதபேதி என்ற அப்பெயருக்கும், வாயு என நான் இட்ட பெயருக்கும் என்ன வேற்றுமை? பிழையான பெயர் நோயாளிக்கு ஆறுதல் தருகிறது; நோய்க்கு அவகாசம் தருகிறது.

அம்மையார் அத்துயரை வாளா சுமந்திருக்கவில்லை. 1925 இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றபோது, புற்றுநோய்க்கென்றே அமைந்த வைத்தியசாலையின் பணிகளைக் கண்டறிந்தார். அத்தகையதொன்று தம் நாட்டிலும் எழவேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்கொண்டது. ஆயின் அது கனிவதற்கு ஏறக்குறைய முப்பதாண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில் அவர் ஆற்றிய தொண்டுகளை மாணவர் அறிவர். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் அங்கு தொடங்கிய முயற்சி 1947 இல் முழுச் சட்டமாக நிறைவேறியது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930 இல், தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு அவர் நிறுவிய இல்லம் ஒளவையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கவேண்டுமென அவர் கேட்டபோது, அந்நோய் வந்தோர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கு வைத்தியசாலை எதற்கு என்று அதிகாரத்திலிருந்தோரே வினவினர் என்பர். அவ்வினாவில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. அக்காலத்தில் வந்தோரிற் பலர் இறந்தனர். ஆனால் பிந்தி வந்தமையால் இறந்தனரா, நோயின் இயல்பினால் இறந்தனரா என்பதை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மையார் பிரித்துப் பார்த்தார். 1949 இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டத் தொடங்கினார். தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இத்துறையிற் பயிற்சி பெற ஊக்கினார். 1952 இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 ஆம் நாள், அடையாற்றில், பன்னிரண்டு கட்டில்களுடன் அந்நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. மறு ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 இல் மறையும் வரை அந்நிலையத்தையே வாழ்வாகக் கொண்டார். 1968 ஜூலை 22 இல் அம்மையார் காலமானார்.

அவ்வாண்டிலேயே தமிழக முதல்வர் அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயுற்று, நியூயோர்க் சென்று சத்திரசிகிச்சை பெற்று மீண்டார். தம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றதை 1969 ஜனவரியிற் கண்டார். பெப்ரவரி 3 ஆம் நாள் மறைந்தார். கத்தி எல்லோரையும் காப்பதில்லை. இதனை மறைத்து எழுதுவது உண்மையாகாது. ஆயினும் அந்தச் சில மாதங்கள் அவருக்கு வெறுமையாகக் கழிந்தன என்று யார் சொல்வார்?

என் அக்காவின் அச்சத்தை வைத்தியரிடம் சொன்னேன். நோய் முன்னரே பரவியிருந்தவர்களை அக்காலத்திற் பிந்தித் திறந்து பார்த்தனர். அவர்கள் இறக்க, பழி கத்திமேல் விழுந்தது என்றார். வியன்னாவில் பில்ரோத் என்பார் 1881 இல் ஒரு பெண்ணின் புற்றுற்ற இரைப்பையின் பகுதியை அறுத்தெடுத்து முதன்முதல் வெற்றி கண்டார். அப்பெண் அதன்பின் நான்கு மாத அளவே வாழ்ந்தார். அங்கிருந்து இன்றுவரை வந்த வழி நெடிது. மனைவி கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. ஸ்கானின் கண்ணுக்கு அகப்படாத நுண்ணிய நோய்க்கலங்கள் வெளியே சிதறியிருக்கக்கூடும். முதலில் மருந்து கொடுத்தால் அவற்றையும் தாக்கும், கட்டியையும் சுருக்கும். இரைப்பை நீங்கினால் உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைப்பர். அதன்பின் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணவேண்டும். பி பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்தை வாழ்நாள் முழுதும் ஊசிமூலம் பெறவேண்டும். பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்டு உண்டவனுக்கு இது எளிய செய்தியன்று. அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் இசைவு தெரிவித்தேன். அக்கா கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கின்றார். அதனை நான் தடுக்கவில்லை. சிகிச்சையை அவரும் இப்போது தடுக்கவில்லை. வரும் திங்கட்கிழமை மகரகமைக்குச் செல்கின்றேன். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு இன்று அபேக்ஷா என்று பெயர். நம்மவர் தேர்தலில் நிற்பவரை முன்னர் அபேட்சகர் என்றழைத்தனரே, அச்சொல்லின் வேர்தான் அது. விரும்பி எதிர்பார்த்திருத்தல் என்பது பொருள். நானும் இப்போது ஓர் அபேட்சகன். முடிவு என் கையிலில்லை, முன்வந்து நிற்பது என் கையிலிருக்கின்றது.

இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பசி குறைவதும், காரணமின்றி உடல் மெலிவதும், விழுங்குவதிற் தடையும், மலம் கறுத்துப் போவதும் சில வாரம் நீடித்தால், நீங்களே பெயர் சூட்டாதீர்கள். அம்மையாரின் தங்கைக்கு மெய்ப்பெயர் பிந்தித் தெரிந்தது. எனக்கும் சிறிது பிந்தியே தெரிந்தது. உங்களுக்கு அது வேளையோடு தெரியட்டும்.